வங்கி பிடித்துக்கொண்ட நியாயமற்ற கட்டணத்தைத் திரும்பப் பெறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்திய வங்கிகளில் சேமிப்புக் கணக்கோ கடனோ கிரெடிட் கார்டோ வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, ரிசர்வ் வங்கியின் விதிகளை அடிப்படையாகக் கொண்டு இங்கே விடை தரப்படுகிறது. வணிக நிறுவனங்களின் நடப்புக் கணக்குகளுக்குத் தனி விதிகள் பல இருப்பதால் அவை இதில் சேர்க்கப்படவில்லை.

எந்தக் கட்டணத்தை நியாயமற்றது என்று சொல்லித் திரும்பக் கேட்கலாம்?

வங்கிச் சேவைக் கட்டணங்களுக்கு இந்திய வங்கிகள் சங்கம் பொதுவான அளவுகோலை வகுக்கும் பழைய வழக்கத்தை 1999 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி முடிவுக்குக் கொண்டுவந்தது. அன்று முதல் ஒவ்வொரு வங்கியின் இயக்குநர் குழுவும் தன் கட்டணங்களைத் தானே முடிவு செய்துகொள்கிறது. ஆகவே, "இந்தக் கட்டணம் மிக அதிகம்" என்று மட்டும் எழுதும் புகார், அது எவ்வளவு உண்மையாக இருந்தாலும், பெரும்பாலும் எடுபடுவதில்லை. கட்டணத்தின் அளவு வங்கியின் வணிக முடிவு என்ற பதிலோடு கோப்பு மூடப்பட்டுவிடும்.

எடுபடக்கூடிய காரணங்கள் வேறு. ரிசர்வ் வங்கி வெளிப்படையாகத் தடுத்துள்ள கட்டணத்தைப் பிடித்திருந்தால் கேட்கலாம். தடுக்கப்படாத கட்டணமே ஆனாலும் முன்னறிவிப்புக் கொடுக்காமல் பிடித்திருந்தால் கேட்கலாம். நீங்கள் கேட்காத, ஒப்புதல் தராத சேவைக்குப் பிடித்திருந்தாலும், வங்கியின் சொந்தக் கட்டண அட்டவணைப்படியே கணக்குத் தவறியிருந்தாலும் கேட்கலாம். உங்கள் வழக்கு இவற்றில் எதன்கீழ் வருகிறது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டால் எஞ்சிய வேலை எளிதாகிவிடும்.

குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று மாதாமாதம் பணம் பிடிக்கிறார்கள். இதில் கேள்வி கேட்க இடமுண்டா?

நிறைய இடமுண்டு. 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் இந்த ஒரு தலைப்பில் மட்டும் சுமார் 8,500 கோடி ரூபாய் வசூலித்ததாக நாடாளுமன்றத்தில் அரசே தெரிவித்தது. அதற்குப் பிறகு நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. 2025 ஜூன் 1 முதல் கனரா வங்கியும், ஜூலை 7 முதல் இந்தியன் வங்கியும் சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த அபராதத்தைக் கைவிட்டன. பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே கைவிட்டுவிட்டது. எனினும் பெரும்பாலான தனியார் வங்கிகளில் இது தொடர்கிறது.

அபராதம் விதிக்கும் வங்கியும் நினைத்தபடி விதித்துவிட முடியாது. 2014 நவம்பர் 20 அன்று வெளியிடப்பட்டு 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை இதற்கான நிபந்தனைகளை வகுத்தது. இருப்பு குறைந்துவிட்டது என்பதை வங்கி முதலில் குறுஞ்செய்தி, மின்னஞ்சல் அல்லது கடிதம் வழியாக வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அதைச் சரிசெய்துகொள்ளக் குறைந்தது ஒரு மாத அவகாசம் தர வேண்டும். அதற்குப் பிறகும் இருப்பு சேரவில்லை என்றால்தான் அபராதத்தில் கை வைக்கலாம். அந்த அபராதமும் குறைந்த தொகைக்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். 5,000 ரூபாய் இருக்க வேண்டிய கணக்கில் 500 ரூபாய் குறைந்தவருக்கும் 4,500 ரூபாய் குறைந்தவருக்கும் ஒரே தொகையைத் தீட்டிவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த அபராதத்தால் மட்டுமே ஒரு கணக்கின் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போய்விடக் கூடாது.

இவற்றுள் வாடிக்கையாளருக்கு அதிகம் கைகொடுப்பது முன்னறிவிப்பு பற்றிய நிபந்தனைதான். "எந்தத் தேதியில், எந்த எண்ணுக்கு, என்ன வாசகத்தோடு அறிவிப்பு அனுப்பினீர்கள்?" என்று எழுத்தில் கேளுங்கள். பழைய கைபேசி எண்ணுக்கு அனுப்பியிருப்பார்கள், அல்லது பணம் பிடித்த பிறகு வந்த செய்தியையே அறிவிப்பு என்று காட்டுவார்கள். இரண்டாவது வகை எவ்விதத்திலும் முன்னறிவிப்பு ஆகாது. முதல் வகையில், எண் மாறியதை நீங்கள் வங்கிக்குத் தெரிவித்திருந்தீர்களா என்பதைப் பொறுத்தே உங்கள் வாதம் நிற்கும்.

புகார் எழுதும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். பல வங்கிகள் கேட்பது மாதச் சராசரி இருப்பு. அதாவது ஒவ்வொரு நாளின் இறுதி இருப்பையும் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுத்து வரும் தொகை. முப்பது நாள் மாதத்தில் பத்து நாள் 30,000 ரூபாய் வைத்திருந்து, மீதி இருபது நாள் கணக்கு காலியாகவே கிடந்தாலும் சராசரி 10,000 ரூபாய் ஆகிவிடும். இடையில் சில நாள் 200 ரூபாய்தான் இருந்தது என்பதற்காக அபராதம் நியாயம்தான் என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் உண்டு. மாறாக, மாதக் கடைசியில் மட்டும் பணத்தைப் போட்டுவிட்டுத் தப்பித்தோம் என்று எண்ணுபவர்களும் உண்டு.

சம்பளக் கணக்குக்கு இருப்பு தேவையில்லை என்றார்கள். வேலையை விட்ட சில மாதங்களில் அபராதம் தொடங்கிவிட்டது. சரிதானா?

சம்பளம் வராமல் சில மாதங்கள் போனால் அதைச் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாற்றுவது வங்கிகளின் வழக்கம். கணக்கு தொடங்கும்போது கையெழுத்திட்ட படிவத்திலேயே அது இருக்கும். ஆனால் மாற்றப்பட்டதை உங்களுக்குத் தெரிவித்தார்களா, இருப்பு குறைந்தபின் ஒரு மாத அவகாசம் தந்தார்களா என்ற கேள்விகள் இங்கும் அப்படியே பொருந்தும்.

அரசு உதவித்தொகை வரவு வைத்த அன்றே பழைய அபராதத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். என்ன செய்வது?

பயன்படுத்தாமல் கிடந்த கணக்குகளில் அபராத பாக்கியைக் குறித்து வைத்திருந்து, பணம் வந்தவுடன் எடுத்துக்கொள்வது நடக்கிறது. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையின் முதல் 1,000 ரூபாய் வரவு வைக்கப்பட்டபோது தமிழ்நாட்டில் இது பெரிதாக வெடித்தது. உரிமைத் தொகையில் எந்தப் பிடித்தமும் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வங்கிகளை எச்சரித்ததோடு, பாதிக்கப்பட்டவர்கள் முதலமைச்சரின் 1100 உதவி எண்ணில் புகார் செய்யலாம் என்றும் அறிவித்தார்.

இத்தகைய நிலையில் இருவழிகளும் திறந்திருக்கின்றன. அரசு உதவித்தொகை என்பதால் 1100-இல் பதிவு செய்யுங்கள். அதோடு வங்கிக்கும் தனியாக எழுதுங்கள். இரண்டு ஆண்டுகளாக வாடிக்கையாளரின் பரிவர்த்தனை எதுவும் இல்லாததால் செயலற்றதாகிவிட்ட கணக்கில் குறைந்தபட்ச இருப்பு அபராதம் விதிக்கவே கூடாது என்பதும், அதை மீண்டும் இயக்கத்துக்குக் கொண்டுவரக் கட்டணம் கேட்கக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதிகள். 2024 ஏப்ரல் 1 முதல் அமலான வழிகாட்டல் இவற்றைத் தெளிவாகச் சொல்கிறது.

என்னுடையது ஜீரோ பேலன்ஸ் கணக்கு. அதிலும் பரிவர்த்தனைக் கட்டணம் வருகிறதே?

அடிப்படைச் சேமிப்பு வைப்புக் கணக்கு என்று வங்கிப் பதிவில் இருந்தால் அதற்குக் குறைந்தபட்ச இருப்பு கிடையாது. மாதம் நான்கு முறை பணம் எடுப்பதும் இலவசம். நான்கு முறைக்குமேல் போனதும், யுபிஐ வழியாகச் செலுத்திய சின்னச் சின்னத் தொகைகளுக்கும் சேர்த்துக் கட்டணம் பிடிக்கும் பழக்கம் சில வங்கிகளில் இருந்தது. ரூபே டெபிட் கார்டு, யுபிஐ போன்ற குறிப்பிட்ட மின்னணு வழிகளுக்குக் கட்டணம் கூடாது என்று சட்டம் இருப்பதால், 2020 ஜனவரி 1 முதல் அப்படி வசூலித்ததை உடனே திருப்பித் தருமாறு மத்திய நேரடி வரிகள் வாரியம் 2020 ஆகஸ்ட் 30 அன்று வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. ஏழைகளின் கணக்குகளில் பத்து, இருபது ரூபாயாகப் பிடித்தது கோடிக்கணக்கில் சேரும் என்பதை அந்த விவகாரம்தான் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

குறுஞ்செய்திக் கட்டணம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிடிப்பது முறையா?

பிடிக்கலாம். ஆனால் உண்மையில் அனுப்பிய செய்திகளின் எண்ணிக்கைப்படிதான் பிடிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013 நவம்பரிலேயே அறிவுறுத்தியிருக்கிறது. ஒரு பரிவர்த்தனையும் நடக்காத காலாண்டில் முழுத்தொகையைப் பிடித்திருந்தால் திரும்பக் கேளுங்கள்.

ஏ.டி.எம். தொடர்பான பிடித்தங்களில் எவற்றைக் கேட்கலாம்?

சொந்த வங்கி ஏ.டி.எம்.மில் மாதம் ஐந்து முறையும், பிற வங்கி ஏ.டி.எம்.மில் சென்னை போன்ற பெருநகரங்களில் மூன்று முறையும் மற்ற ஊர்களில் ஐந்து முறையும் இலவசம். அதற்கு மேற்பட்ட ஒவ்வொன்றுக்கும் 2025 மே 1 முதல் 23 ரூபாய் வரையும், அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் பிடிக்கலாம். இயந்திரக் கோளாறு, தொடர்புத் துண்டிப்பு, பணமின்மை, தவறான ரகசிய எண் ஆகியவற்றால் நிறைவேறாத முயற்சிகளை இந்த எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்பது 2019 ஆகஸ்டில் வந்த உத்தரவு. கணக்கில் போதிய பணம் இல்லாததால் மறுக்கப்பட்டதற்கு வங்கி பிடிக்கும் கட்டணத்திலிருந்து இந்த உத்தரவு உங்களைக் காப்பாற்றாது.

கணக்கில் கழிந்தும் இயந்திரம் பணம் தரவில்லை என்றால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாட்களுக்குள் வங்கி தானாகவே தொகையைத் திருப்ப வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. 1ஆம் தேதி கழிந்த பணம் 16ஆம் தேதி வந்தால், 6ஆம் தேதிக்குப் பிந்தைய பத்து நாட்களுக்கு 1,000 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டும். யுபிஐ வழியாக ஒருவருக்கு அனுப்பிய பணம் அவர் கணக்கில் சேராவிட்டால் அவகாசம் ஒரே ஒரு நாள்தான். இந்த இழப்பீட்டை வாடிக்கையாளர் கேட்காமலேயே தர வேண்டும் என்று விதி சொல்கிறது. பணம் திரும்பியதே போதும் என்ற நிம்மதியில் பெரும்பாலோர் இதைப் பார்ப்பதே இல்லை.

கணக்கில் 436 ரூபாய், 20 ரூபாய் என்று ஆண்டுதோறும் கழிகிறது. நான் எதிலும் சேரவில்லையே?

436 ரூபாய் பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கும், 20 ரூபாய் சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்கும் உரிய ஆண்டுப் பிரீமியம். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 அன்று தொடங்குவதால் பிடித்தம் பெரும்பாலும் மே இறுதியில் நடக்கிறது. இரண்டும் விருப்பத்தின் பேரில் சேரும் திட்டங்கள். எனவே நீங்கள் கையெழுத்திட்ட அல்லது இணையத்தில் ஒப்புதல் தந்த பதிவின் நகலைக் கேளுங்கள். அதைக் காட்ட முடியாத வங்கிக்குப் பணத்தை வைத்திருக்க அடிப்படை இல்லை. திட்டம் உண்மையில் மலிவானது என்பதால், குடும்பத்தினரோடு கலந்து பேசிவிட்டு ரத்து செய்வது நல்லது.

நகைக்கடன், வீட்டுக்கடன் வாங்கப் போன இடத்தில் தலையில் கட்டப்பட்ட தனிநபர் ஆயுள் காப்பீடு என்றால், பாலிசி ஆவணம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் வேண்டாம் என்று திருப்பிவிடும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்தக் கடிதத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்ப வேண்டும். வங்கி ஊழியரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு நாட்களைக் கடத்தாதீர்கள்.

கடன் கணக்குகளில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

தொகை பெரிதாக இருப்பது இங்கேதான். ஆனால் பாஸ்புக்கைப் பார்ப்பது போலக் கடன் கணக்கின் அறிக்கையை யாரும் பார்ப்பதில்லை.

மாறும் வட்டியில் தனிநபர் ஒருவர் தொழில் அல்லாத தேவைக்கு வாங்கிய கடனை முன்கூட்டியே அடைத்தால் அதற்கு அபராதம் வாங்கக் கூடாது. வீட்டுக்கடனுக்கு 2012 முதலும், இத்தகைய மற்றக் கடன்களுக்கு 2014 முதலும் இந்த விதி இருக்கிறது. நிலையான வட்டிக் கடனுக்கு இது அப்படியே பொருந்தாது என்பதால் கடன் பத்திரத்தில் வட்டி எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

தவணை தவறியதற்கு வட்டி விகிதத்தையே உயர்த்தி அபராத வட்டி போடும் பழைய முறையை 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி நிறுத்தியது. இப்போது அபராதக் கட்டணம் மட்டுமே வாங்கலாம். அந்தக் கட்டணத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. புதிய கடன்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதல் இது அமலுக்கு வந்தது.

2024 ஏப்ரல் 29 அன்று வந்த சுற்றறிக்கை இன்னும் சுவையானது. தன் ஆய்வில் கண்ட முறைகேடுகளை ரிசர்வ் வங்கியே அதில் பட்டியலிட்டது. கடன் கைக்கு வந்த நாளிலிருந்து வட்டி போடாமல், ஒப்புதல் அளித்த நாளிலிருந்தோ ஒப்பந்த நாளிலிருந்தோ போட்டிருக்கிறார்கள். காசோலையை வாடிக்கையாளரிடம் பல நாள் கழித்துக் கொடுத்துவிட்டு, காசோலையில் எழுதிய தேதியிலிருந்து வட்டி கணக்கிட்டிருக்கிறார்கள். மாதத்தின் நடுவில் அடைத்தவரிடம் முழு மாத வட்டியையும் வாங்கியிருக்கிறார்கள். இப்படி அதிகமாக வாங்கியதைத் திருப்பித் தரவேண்டும் என்பது அந்தச் சுற்றறிக்கையின் நிலைப்பாடு. வீட்டுக்கடனில் பத்திரப்பதிவு தள்ளிப்போனதால் காசோலை வங்கியிலேயே கிடந்த அனுபவம் உள்ளவர்கள் அந்த நாட்களின் வட்டியைக் கட்டாயம் கணக்குப் பார்க்க வேண்டும்.

கேட்காத கிரெடிட் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் வந்திருக்கிறது.

ஒப்புதலின்றி அனுப்பிய கார்டுக்குக் கட்டணம் வசூலித்தால், அதைத் திருப்புவதோடு அதன் இருமடங்கை அபராதமாகவும் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டின் கார்டு வழிகாட்டல். பாக்கியில்லாத கார்டை மூடக் கேட்டு ஏழு வேலை நாட்களில் மூடவில்லை என்றால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் கிடைக்க வேண்டும்.

புகாரை எங்கிருந்து தொடங்குவது?

கணக்கு அறிக்கையை எடுத்து, ஒவ்வொரு பிடித்தத்தின் தேதி, தொகை, அதன் எதிரே உள்ள குறிப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் கழிந்திருக்கும், அதையும் சேர்த்துக் கேளுங்கள். பிறகு வங்கியின் இணையதளத்தில் அந்தக் காலத்துக்குரிய கட்டண அட்டவணையைத் தேடி எடுத்து ஒப்பிடுங்கள்.

புகாரை எழுத்தில்தான் கொடுக்க வேண்டும். கிளையில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மின்னஞ்சலிலோ செயலியிலோ கொடுத்தால் புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. இந்த அளவில் இருந்தால் போதும்:

"என் சேமிப்புக் கணக்கு எண் ........ இல் ........ தேதியன்று குறைந்தபட்ச இருப்புக் கட்டணமாக ........ ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி. ........ ரூபாயும் பிடிக்கப்பட்டுள்ளன. இருப்பு குறைந்ததைத் தெரிவித்து ஒரு மாத அவகாசம் தந்த பிறகே அபராதம் விதிக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எனக்கு அத்தகைய அறிவிப்பு எதுவும் வரவில்லை. அறிவிப்பு அனுப்பியிருந்தால் அதன் தேதியையும் நகலையும் தரும்படியும், இல்லையெனில் மேற்கண்ட தொகையை என் கணக்கில் வரவு வைக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். 30 நாட்களுக்குள் பதில் கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடுவேன்."

சுற்றறிக்கையின் எண்ணையும் எழுத வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி பழைய சுற்றறிக்கைகளைத் தொகுத்துப் புதிய வழிகாட்டல்களாக வெளியிட்டுவிட்டதால், பழைய எண் இப்போது ரத்தானதாகக்கூட இருக்கலாம். விதி என்ன சொல்கிறது என்று எழுதினாலே போதும்.

"கம்ப்யூட்டர் தானாகப் பிடித்தது, கிளையில் எதுவும் செய்ய முடியாது" என்கிறார் மேலாளர்.

மென்பொருள் தானாகப் பிடிப்பது உண்மைதான். அதற்குக் கட்டளை கொடுத்தது வங்கி. பல வங்கிகளில் சிறு தொகைகளைத் திருப்பும் அதிகாரம் கிளை மட்டத்திலேயே இருக்கும். இல்லாவிட்டாலும் மேலிடத்துக்கு அனுப்பும் பொறுப்பு அவருடையதே. முகப்பில் இருப்பவரிடம் சண்டை போடுவதால் ஒரு பயனும் இல்லை; அந்தக் கட்டணத்தை அவர் விதிக்கவில்லை, நாளை உங்கள் கோப்பை நகர்த்தப்போவது அவர்தான்.

பொதுத்துறை வங்கி என்றால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் முன்னறிவிப்பின் பதிவைக் கேட்கலாம். தனியார் வங்கிகளிடம் அந்த வழி செல்லாது.

வங்கி மறுத்துவிட்டால், அல்லது பாதியை மட்டும் தருவதாகச் சொன்னால்?

இந்தியாவில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் கொண்ட வங்கிகள் தமக்குள்ளேயே ஓர் உள் குறைதீர்ப்பாளரை வைத்திருக்க வேண்டும். ஒரு புகாரை முழுதாகவோ பகுதியாகவோ நிராகரிக்கும் முன் அவருடைய பார்வைக்கு அனுப்ப வேண்டும். மறுப்புக் கடிதம் வந்தால், இது அவரிடம் சென்றதா என்று கேட்டு எழுதுங்கள். "நல்லெண்ண அடிப்படையில்" பாதித் தொகை தருவதாகச் சொன்னால், மீதியை விட்டுக்கொடுத்ததாக எதிலும் கையெழுத்திடாமல், கிடைத்ததைப் பகுதித் தொகையாகப் பெற்றுக்கொண்டதாக எழுதிவிட்டு மீதிக்குத் தொடரலாம்.

ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகுவது எப்படி?

வங்கி, வங்கிசாரா நிதி நிறுவனம், மின்னணுப் பரிவர்த்தனை ஆகியவற்றுக்குத் தனித்தனியே இருந்த மூன்று திட்டங்களை ஒன்றாக்கி 2021 நவம்பர் 12 அன்று ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன்பின், உங்கள் ஊர் எந்தக் குறைதீர்ப்பாளரின் எல்லைக்குள் வருகிறது என்று தேட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. ரிசர்வ் வங்கியின் புகார் மேலாண்மை இணையதளத்தில் பதிவு செய்யலாம். அல்லது சண்டிகர் செக்டர் 17-இல் உள்ள ரிசர்வ் வங்கியின் மையப் புகார்ப் பிரிவுக்குத் தபாலில் அனுப்பலாம். 14448 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் வழிகாட்டுதல் கிடைக்கிறது. இதற்குக் கட்டணம் ஏதும் இல்லை.

புகார்கள் வாசலிலேயே திரும்பிவிடுவதற்கு முக்கியமான காரணம், வங்கியிடம் முதலில் எழுத்தில் முறையிடாமல் நேரே இங்கே வருவதுதான். வங்கி மறுத்திருக்க வேண்டும், அல்லது 30 நாட்கள் பதிலின்றிக் கடந்திருக்க வேண்டும். அதே விஷயம் நீதிமன்றத்தில் இருக்கக் கூடாது. வழக்கறிஞர் வழியாக வரக் கூடாது. ஆனால் வயதானவர்களுக்காக வேறொருவர் அவர்களின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு முறையிடலாம். 2021 திட்டம் முறையிட ஓராண்டு தந்தது. அவகாச விதிகள் திருத்தப்படக்கூடியவை என்பதால் அந்த ஓராண்டை நம்பி இருக்காமல், பதில் வந்தவுடன் அனுப்புவதே பாதுகாப்பு. உண்மையான இழப்புக்கு 20 லட்சம் ரூபாய் வரையும், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் 1 லட்சம் வரையும் இழப்பீடு தர அத்திட்டம் இடமளித்தது. எனினும் 590 ரூபாய்ப் பிடித்தத்துக்கு மன உளைச்சல் இழப்பீடாக ஒரு லட்சம் கேட்பது உங்கள் புகாரின் கனத்தைக் குறைக்கத்தான் உதவும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

போகலாம்; பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். காலம் பிடிக்கும் வழி என்பதால், தொகை பெரிதாகவோ விதியைப் பற்றியே தகராறாகவோ இருந்தால் மட்டும் இதைத் தேர்ந்தெடுப்பது நலம்.

கட்டணத்தை வாங்கித் தருவதாகத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். நம்பலாமா?

நம்பக் கூடாது. கைபேசித் திரையைப் பகிரச் சொல்பவரும், ஓ.டி.பி. கேட்பவரும், பணம் வர வேண்டுமென்றால் யுபிஐ ரகசிய எண்ணை அழுத்துங்கள் என்பவரும் மோசடிக்காரர்களே. ரகசிய எண் தேவைப்படுவது பணம் போவதற்கு மட்டும்தான். பணத்தை இழந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்துவிட்டு வங்கிக்கும் தெரிவியுங்கள்.

அபராதத்தால் கணக்கு மைனஸ் ஆகிவிட்டது. அதைக் கட்டினால்தான் கணக்கை மூடுவோம் என்கிறார்கள்.

கட்ட வேண்டியதில்லை. குறைந்தபட்ச இருப்பு அபராதத்தால் மட்டுமே மைனஸ் ஆன கணக்கு என்றால், அந்த மைனஸே விதிமீறல். கணக்கை மூடும் விண்ணப்பத்தையும், மைனஸ் தொகையை நீக்கக் கோரும் கடிதத்தையும் ஒரே நாளில் கொடுத்து இரண்டின் நகலிலும் முத்திரை வாங்குங்கள். மூடிய பிறகு பூஜ்ய இருப்பைக் காட்டும் அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். கணக்கோடு இணைந்த மாதத் தவணை, மின்கட்டணம், சமையல் எரிவாயு மானியம் ஆகியவற்றை அதற்கு முன்பே வேறு கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையெனில் திரும்பிப்போன தவணைக்கான கட்டணம் என்று இன்னொரு வங்கியோடு இதே கடிதப் போக்குவரத்தைத் தொடங்க வேண்டியிருக்கும்.